"எப்படியும் அரியர்தான் சார்" என்று சொல்லும் மாணவர்: தன்மதிப்பு, அவநம்பிக்கை, படிப்பில் ஊக்கம்

கெடிலக்கரை

வணக்கம். கடலூர்ப் பக்கம் கலை அறிவியல் கல்லூரிகளில் நடக்கும் டியூட்டர்-வார்டு கூட்டத்தை (ஓர் ஆசிரியர் தன் பொறுப்பிலுள்ள மாணவர்களைச் சந்திப்பது) மனதில் வைத்துக் கேட்கிறேன். செமஸ்டருக்கு இன்னும் 5 வாரம். முதலாண்டு, இரண்டாமாண்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் வாயைத் திறந்தாலே "எப்படியும் அரியர்தான் சார்" என்கிறார்கள். தன்மதிப்பு குறைவு, அதனால் ஊக்கமில்லை, ஆகவே ஆடிட்டோரியத்தில் ஒரு தன்னம்பிக்கை உரை வைத்துவிடலாம் என்பதுதான் எல்லா இடத்திலும் வரும் யோசனை.

எனக்கு இரண்டு கேள்வி. இந்தப் பேச்சு உண்மையிலேயே ஊக்கமின்மையின் அடையாளமா? ஒரு மணி நேரம் கையில் கிடைத்தால் அதில் உருப்படியாக என்ன செய்யலாம்? பேப்பர், பேனா அளவில் சொன்னால் நல்லது.

காலாப்பட்டு_ஆய்வு

முதல் கேள்விக்கு நேர் பதில்: அந்த ஒரு வாக்கியத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரே வாக்கியத்தை மூன்று வகையான ஆட்கள் சொல்கிறார்கள்.

முதல் வகைக்கு உளவியலில் தற்காப்பு அவநம்பிக்கை என்று பெயர். ஜூலி நோரெம், நான்சி கேன்டர் இருவரும் 1986-இல் இதை முறையாக எழுதினார்கள். முந்தைய மதிப்பெண் நன்றாகவே இருக்கும், ஆனாலும் அடுத்த தேர்வில் கவிழ்ந்துவிடுவோம் என்று எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்ப்பதோடு நிற்காமல் எங்கே கவிழும், எப்படிக் கவிழும் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பதற்றமே அவர்களைப் புத்தகத்தைத் திறக்க வைக்கிறது.

இரண்டாம் வகை தன்முடக்கம். எட்வர்ட் ஜோன்ஸ், ஸ்டீவன் பெர்க்லாஸ் 1978-இல் விவரித்தது. தேர்வுக்கு முதல் நாள் வேண்டுமென்றே படிக்காமல் இருப்பது, ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பிவிடுவது. தோற்றால் "படிக்கலை, அதான்" என்று சொல்லிக்கொள்ளலாம், "எனக்கு அறிவில்லை" என்ற முடிவுக்கு வரவேண்டியதில்லை. ஜெயித்தால் "படிக்காமலே பாஸ்". தன்மதிப்பைக் காப்பாற்றக் கட்டுகிற வேலி இது. ஆனால் அந்த வேலியே பயிரை மேய்கிறது.

மூன்றாம் வகை வெறும் நம்பிக்கையிழப்பு. ஏற்கெனவே நாலு பேப்பர் நின்றுவிட்டது, ஐந்தாவதும் நிற்கும், அவ்வளவுதான். பதற்றம்கூட இருக்காது.

தன்னம்பிக்கை உரை மூன்று பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறது. முதல் வகைக்கு அது கெடுதலே செய்யும். 1986 ஆய்வில், தற்காப்பு அவநம்பிக்கையாளர்களில் ஒரு பகுதியினரிடம் "உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்தால் இதை நன்றாகவே செய்வீர்கள்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். தேற்றிய பேச்சு தயாரிப்பைத் தடுத்துவிட்டது.

முதுநகர்_துறைமுகம்

கடலூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், எங்கோ தூரத்தில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று பொருள். கரைக்கு வரலாம், வராமலும் போகலாம். ஆனாலும் படகைக் கரைக்கு ஏற்றுகிறார்கள், வலையையும் இன்ஜினையும் மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை.

கூண்டைப் பார்த்ததும் படகை ஏற்றுபவர் முதல் வகை. கூண்டைப் பார்த்து "போச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுபவர் மூன்றாம் வகை. படகை அவிழ்த்துவிட்டு "புயல்தான் கொண்டுபோச்சு" என்று சொல்லக் காத்திருப்பவர் இரண்டாம் வகை. "அரியர்தான்" என்று சொன்ன பிறகு அந்தப் பிள்ளையின் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். வாயைப் பார்த்துப் பயனில்லை.

லாசுப்பேட்டை_விரிவுரை

கொஞ்சம் நிறுத்துங்கள். அவநம்பிக்கைக்கு இப்படிப் பட்டுக்குஞ்சம் கட்ட வேண்டுமா? இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரிகள். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆங்கிலத்தில் இருக்கும் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டுபவர்கள். தன்மதிப்பு ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. அடிபட்ட இடத்தில் நின்று "நல்லாப் பயப்படு, அது உனக்கு நல்லது" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? தன்மதிப்பை உயர்த்தினால் ஊக்கம் தானாக வரும்.

காலாப்பட்டு_ஆய்வு

> தன்மதிப்பை உயர்த்தினால் ஊக்கம் தானாக வரும்

மேடம், உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் இந்த ஒரு வரியோடு மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. ராய் பாமைஸ்டர் குழு 2003-இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. தன்மதிப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் ஓரளவு தொடர்பு இருக்கிறது. ஆனால் நன்றாகப் படித்ததால் தன்மதிப்பு கூடுகிறது என்ற திசைக்கே வலு அதிகம். மதிப்பை மட்டும் ஏற்றிவிட்டால் மார்க் ஏறும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

தன்மதிப்பு உயரமா தாழ்வா என்பதைவிட, அது எதன்மேல் நிற்கிறது என்பதே முக்கியம். ஜெனிஃபர் கிராக்கர் 2001 முதல் எழுதிவருவது இதைத்தான். "மார்க் வந்தால் நான் மனுஷன், வராவிட்டால் ஒன்றுமில்லை" என்று இருப்பவருக்கு ஒவ்வொரு இன்டர்னலும் ஆயுள் தண்டனைத் தீர்ப்பு. மேற்படிப்புக்கு விண்ணப்பித்த மாணவர்களை வைத்து 2002-இல் வந்த ஆய்வில், படிப்பின்மேல் மதிப்பைக் கட்டியவர்களின் தன்மதிப்பு சேர்க்கைக் கடிதம் வந்த நாளில் ஏறியது, மறுப்புக் கடிதம் வந்த நாளில் சரிந்தது. ஊஞ்சல்தான். இந்த ஊஞ்சலில் இருப்பவர்தான் அடி வலிக்காமலிருக்க எதிர்பார்ப்பை முன்கூட்டியே கீழே இறக்கிவைக்கிறார். மார்ட்டின் கோவிங்டனின் சுயமதிப்புக் கோட்பாடு இதே புள்ளியில்தான் தொடங்குகிறது. மாணவர் முதலில் காப்பாற்ற நினைப்பது மதிப்பெண்ணை அல்ல, "நான் திறமையற்றவன் அல்ல" என்ற எண்ணத்தை.

இன்னொன்று. பிரைனஸ், சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றில், கடினமான சொல் தேர்வில் தோற்ற மாணவர்களில் ஒரு பிரிவிடம் "நீங்கள் புத்திசாலிதான்" என்கிற தொனியிலும், இன்னொரு பிரிவிடம் "இது எல்லோருக்கும் கடினம், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்" என்கிற தொனியிலும் பேசினார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தது இரண்டாவது பிரிவு. மேடம் சொல்லும் அடிபட்ட இடத்துக்கு மருந்து இந்தப் பக்கம் இருக்கிறது.

லாசுப்பேட்டை_விரிவுரை

சரி, அந்தச் சோதனையை ஏற்கிறேன். ஆனால் தற்காப்பு அவநம்பிக்கைக்கு விலை இல்லையா? மூன்று வருடம் இப்படியே ஓட்டினால் உடம்பும் மனசும் என்ன ஆகும்?

காலாப்பட்டு_ஆய்வு

விலை இருக்கிறது. கேன்டர், நோரெம் இருவரும் அதே மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, மூன்றாம் ஆண்டு வாக்கில் இந்த உத்தியை நம்பியவர்களிடம் மன அழுத்தம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் ஒப்பீடு யாரோடு என்று பார்க்க வேண்டும். இயல்பிலேயே நம்பிக்கையோடு இருப்பவரோடு ஒப்பிட்டால் இவர் பின்தங்குவார். அதே அளவு பதற்றம் இருந்தும் இந்த உத்தி இல்லாதவரோடு ஒப்பிட்டால் இவர் நிலை மேல். பதறுகிற பிள்ளைக்கு முன்னால் இருக்கும் வழிகள் "பதறித் தயாராகு" அல்லது "பதறி ஒளிந்துகொள்". பதறாமல் இரு என்ற மூன்றாவது வழியை நாம் உத்தரவு போட்டுக் கொடுக்க முடியாது.

மார்ட்டின், மார்ஷ், டெபஸ் 2001-இல் இந்த உத்தியையே இரண்டாகப் பிரித்தார்கள். எதிர்பார்ப்பைத் தாழ்த்துவது ஒரு பகுதி, என்ன நடக்கும் என்று விவரமாக யோசிப்பது இன்னொரு பகுதி. படிப்பில் விடாமுயற்சியோடு நல்ல விதமாகச் சேர்வது யோசிக்கும் பகுதிதான். ஆகவே கெடிலக்கரை சார், நீங்கள் வளர்க்க வேண்டியது அதை. தாழ்ந்த எதிர்பார்ப்பைத் திட்டி மாற்றவும் வேண்டாம், தட்டிக்கொடுக்கவும் வேண்டாம்.

வினாநிரல்_தமிழ்

யாராவது இதை அளக்கக் கிளம்புவதற்கு முன் சில எச்சரிக்கைகள். எம்.எட். ஆய்வேடுகளில் இங்கேதான் அதிகம் சறுக்குகிறது.

தன்மதிப்புக்கு மாரிஸ் ரோசன்பெர்க்கின் 1965 அளவுகோலைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். 10 கூற்று, ஒவ்வொன்றுக்கும் 4 விடை, 0 முதல் 3 வரை மதிப்பு, மொத்தம் 30. பரவலாகப் புழங்கும் வரிசையில் 2, 5, 6, 8, 9 எதிர்மறைக் கூற்றுகள், மதிப்பைத் திருப்பிப் போட வேண்டும். எக்செல்லில் திருப்பாமல் கூட்டிவிட்டு, தன்மதிப்புக்கும் ஊக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு எழுதிவிடுகிறார்கள். கூட்டுவதற்கு முன் 1-ஆம் கூற்றையும் 9-ஆம் கூற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருப்பிய பிறகு இரண்டும் ஒரே பக்கம் சாயவில்லை என்றால் எங்கோ தப்பு.

மொழிபெயர்ப்பில் எட்டாவது கூற்று தகராறு பிடித்தது. "என்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தால் தேவலை" என்று வரும். நம் பிள்ளைகள் இதைத் தாழ்வுணர்ச்சியாக வாசிப்பதில்லை. இன்னும் உயரணும் என்ற நல்ல ஆசையாக வாசித்து "முழுக்க ஒப்புக்கொள்கிறேன்" போட்டுவிடுவார்கள். எதிர்மறைக் கூற்றுகள் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி வாசிக்கப்படுவதை, 53 நாடுகளில் இந்த அளவுகோலைப் பயன்படுத்திய ஷ்மிட், ஆலிக் ஆய்வு (2005) ஏற்கெனவே காட்டியிருக்கிறது. "எனக்குப் பெருமைப்பட அதிகம் ஒன்றுமில்லை" என்பதிலும் இதே சிக்கல். பெருமை என்ற சொல்லோடு தற்பெருமையும் சேர்ந்து வந்துவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கண்ணேறு. தேர்வு எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம் "எப்படி எழுதின?" என்று கேளுங்கள். நூற்றுக்கு நூறு எழுதியவளும் "ஏதோ சுமாரா எழுதியிருக்கேன்" என்பாள். "சூப்பரா எழுதினேன்" என்றால் கண்ணு பட்டுவிடும். "பெயில்தான்" என்றால் பாட்டி "வாயில நல்ல வார்த்தையே வராதா, சொன்னா பலிச்சிடும்" என்று அதட்டுவார். ஆகவே நடுவில் ஒரு "சுமார்". இதை அவநம்பிக்கை என்று மதிப்பிட்டால் நாம் அளப்பது சபை அடக்கத்தை. பெயர் எழுதாத தாளில், எண்ணாகக் கேளுங்கள்: "இந்தப் பேப்பரில் 100-க்கு எத்தனை எதிர்பார்க்கிறாய்?" அதற்குக் கீழே "போன செமஸ்டரில் இதை ஒட்டிய பேப்பரில் எத்தனை வந்தது?" இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், பத்துப் பக்க வினாநிரலைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கெடிலக்கரை

அந்த இரண்டு எண் அருமை. போன முறை 72 வாங்கிவிட்டு இப்போது 45 என்று எழுதினால் முதல் வகை. 38 வாங்கிவிட்டு 35 எழுதினால் மூன்றாம் வகை. சரியா? தன்முடக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வினாநிரல்_தமிழ்

ஏறக்குறைய சரி. 38-க்கு 35 எழுதுபவர் தன் நிலையை உள்ளபடி சொல்பவராகவும் இருக்கலாம், அவரை நம்பிக்கையிழந்தவர் என்று முத்திரை குத்த வேண்டாம். தன்முடக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி: "கடந்த 7 நாளில் இந்தப் பேப்பருக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய்? உட்காராவிட்டால் என்ன காரணம்?" காரணத்தின் நீளத்தைப் பாருங்கள். பஸ் லேட், தலைவலி, அக்கா கல்யாணம், கரண்ட் இல்லை என்று தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே பட்டியல் தயாராக இருந்தால் கவனிக்க வேண்டிய ஆள். அந்தக் காரணங்களில் சில உண்மையாகவும் இருக்கும். மாலையில் வேலைக்குப் போகும் பிள்ளையைத் தன்முடக்கம் என்று எழுதிவிடக் கூடாது.

ஈசிஆர்_கவுன்சலிங்

ஒரு மணி நேரத்துக்கு வருகிறேன். தேர்வுக்கு 3 முதல் 5 வாரம் முன்பு செய்ய வேண்டியது. கடைசி வாரத்தில் செய்தால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

தேவை: ஆளுக்கு ஒரு முழு வெள்ளைத்தாள், பாடத்திட்டத்தின் நகல், பழைய வினாத்தாள் இரண்டு. ஒரு குழுவுக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம், நீங்கள் ஒவ்வொரு தாளையும் ஒருமுறையாவது எட்டிப்பார்க்க வேண்டும். தாளைக் குறுக்காக வைத்து, மேலிருந்து கீழே கோடிழுத்து நாலு பத்தி போடச் சொல்லுங்கள். தலைப்புகள் இவை: என்ன தப்பாகும். அது எனக்கு எப்போது தெரியவரும். என்ன செய்வேன். எந்த நாள், எத்தனை மணி.

முதல் 5 நிமிடம், ஒரே ஒரு பேப்பரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எல்லாப் பேப்பரையும் ஒரே தாளில் போட்டால் தாள் ஒப்பாரி ஆகிவிடும். அடுத்த 12 நிமிடம் முதல் பத்தி மட்டும். 6 வரி, அதிகபட்சம் 8. இங்கே நீங்கள் தேற்றவே கூடாது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. அது வந்தால் முதல் வகைப் பிள்ளைகளின் பேனா நின்றுவிடும்.

பிறகு 10 நிமிடம், ஒவ்வொரு வரியையும் சின்னதாக உடைக்க வேண்டும். மணி நேரத்தின் உயிர் இதில்தான். வணிகப் புள்ளியியல் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை முதலில் எழுதுவது "ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வராது". நீங்கள் கேட்க வேண்டியது: எந்த யூனிட்? "காலத்தொடர்." அதில் எந்தக் கணக்கு? "நகரும் சராசரி." மூன்றாண்டா, நான்காண்டா? "மூன்றாண்டு வரும் மேடம், நான்காண்டுதான் குழப்பம்." அங்கே நிறுத்துங்கள். நான்காண்டு நகரும் சராசரியில் கூட்டுத்தொகை இரண்டு வருடத்துக்கு நடுவில் விழும். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கூட்டல் இரண்டை மறுபடி கூட்டி 8-ஆல் வகுத்து, ஒரு வருடத்துக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். அந்த மையப்படுத்தலை விட்டுவிட்டு நேரே 4-ஆல் வகுத்து எழுதுவதுதான் அவள் செய்யும் தப்பு. "ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வராது" என்ற மலை, ஒரு வகுத்தலாகச் சுருங்கிவிட்டது.

தொடர்புப்போக்கு (ரிக்ரெஷன்) யூனிட்டிலும் இப்படித்தான். இரண்டு கெழுவையும் மாற்றிப் போட்டுவிடுவேன் என்று எழுதினால், இரண்டையும் பெருக்கிப் பார், 1-க்கு மேல் வந்தால் எங்கோ தப்பு, வராவிட்டாலும் இரண்டின் குறியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டாவது பத்தியில் எழுதச் சொல்லுங்கள். தப்பு நடக்கும்போதே கண்டுபிடிக்க எச்சரிக்கை மணி ஒன்று கட்டியாகிவிட்டது.

மூன்றாவது, நாலாவது பத்திக்கு 20 நிமிடம். வாக்கியம் "இன்ன நேரம் ஆனால், இன்னதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் இருக்க வேண்டும்: "செவ்வாய் சாயங்காலம் 6.30 ஆனால், பழைய தாளிலுள்ள நான்காண்டுக் கணக்கு 3 போடுவேன்." பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய செயல்படுத்தும் எண்ணம் என்பதன் அடிப்படை இதுதான். நேரமும் இடமும் செயலும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால், அந்த நேரம் வந்ததும் கை தானாக அங்கே போகிறது. "நல்லாப் படிப்பேன்" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுத் திரும்பக் கொடுங்கள்.

மிச்ச நேரத்தில் பக்கத்து ஆளோடு தாளை மாற்றி, நாலாவது பத்தி காலியாக இருக்கும் வரிகளை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், வட்டம் போதும்.

முதுநகர்_துறைமுகம்

எங்கே சொதப்பும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். முதல் பத்தியோடு மணி அடித்துவிட்டால் அதைவிடக் கெடுதல் இல்லை. பயத்தைக் கிளறிவிட்டுக் கையில் வேலை கொடுக்காமல் அனுப்பினால், அந்தப் பிள்ளை இரவு முழுக்க அதையே அசைபோடும். நேரம் குறைவு என்று தெரிந்தால் முதல் பத்தியை 3 வரியாக வெட்டுங்கள், கடைசிப் பத்தியை வெட்டாதீர்கள்.

அடுத்தது, தாளைப் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது. ஒருவன் பயம் நாற்பது பேருக்குத் தொற்றும். தாள் மடித்து நோட்டுக்குள் போக வேண்டும்.

மூன்றாவது, எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்குவது. இயல்பாக நம்பிக்கையோடு, யோசிக்காமல் போய் நன்றாக எழுதிவிட்டு வரும் பிள்ளைகளும் உண்டு. ஸ்பென்சர், நோரெம் 1996-இல் அம்பு எறியும் விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். தப்பு வந்தால் எப்படிச் சமாளிப்பேன் என்று கற்பனை செய்தபோது தற்காப்பு அவநம்பிக்கையாளர்கள் நன்றாக எறிந்தார்கள். நம்பிக்கைக்காரர்களுக்கு அந்தக் கற்பனை உதவவில்லை, அவர்களுக்கு உடம்பைத் தளர்த்துவதே உதவியது. அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து "என்ன தப்பாகும் எழுது" என்று வற்புறுத்துவது, மற்றவர்களை "பாசிட்டிவா நினை" என்று வற்புறுத்துவதற்குச் சமம். அவர்கள் நேரே நாலாவது பத்திக்குப் போகட்டும்.

முதல்பட்டதாரி_இரண்டாமாண்டு

அண்ணா, அக்கா, ஒரு சந்தேகம். ஹாஸ்டலில் "நான் ஒண்ணுமே படிக்கலடா" என்று சொல்வது வழக்கம், படித்தவனும் சொல்வான். அதுவும் தன்முடக்கமா? இன்னொன்று, தேர்வு முடிந்து நல்ல மார்க் வந்தால்கூட "ஏதோ லக்கு" என்றுதான் தோன்றும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அப்படியானால் தன்மதிப்பு எப்போதுதான் ஏறும்?

காலாப்பட்டு_ஆய்வு

முதல் கேள்விக்கு: படித்துவிட்டுப் "படிக்கல" என்று சொல்வது பேச்சளவில் போடும் வேலி. மார்க்குக்குப் பெரிய சேதமில்லை. உண்மையிலேயே படிக்காமல் இருப்பதுதான் செயலளவிலான தன்முடக்கம். ஆனால் முதலாவது மெல்ல இரண்டாவதாகிவிடும். "படிக்கல" என்று சொல்லிவிட்டு எல்லோர் முன்பும் புத்தகத்தைத் திறக்க முடியாது அல்லவா? அதனால் திறப்பதே இல்லை.

இரண்டாவது கேள்வி முக்கியமானது தம்பி. இந்த உத்தியின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பயந்து தயாராகி, தப்பித்து, "லக்கு" என்று கணக்கை மூடிவிட்டால் உழைப்பின் வரவு எந்த ஏட்டிலும் ஏறாது. அடுத்த செமஸ்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து. அதனால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ரிசல்ட் வந்த அன்று எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் நேராக மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: வரவே இல்லை, வந்தது சமாளித்தேன், வந்தது விட்டுவிட்டேன். "வந்தது சமாளித்தேன்" என்று இரண்டு வரி இருந்தால்கூட அது லக்கு இல்லை. அதற்குத் தேதியும் நேரமும் உங்கள் கையெழுத்தில் அங்கேயே இருக்கிறது.

லாசுப்பேட்டை_விரிவுரை

இப்போது எனக்கும் சம்மதம். ஆனால் ஒரு எல்லைக்கோடு போட்டுவிடுங்கள். தாளில் "நான் தேர்வில் தோற்பேன்" என்பது வேறு, "நான் எதற்கும் லாயக்கில்லை, வீட்டுக்குப் பாரம்" என்பது வேறு. இரண்டாவது மாதிரி எழுதியிருந்தால், தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், முன்பு பிடித்த கிரிக்கெட்டோ கோலமோ எதிலும் மனசு போகவில்லை என்றால், நாலு பத்தித் தாளை மூடிவைத்துவிட்டுத் தனியாகப் பேச வேண்டும். உயிரை விடுவது பற்றி ஒரு சொல் வந்தாலும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அந்தப் பிள்ளையைத் தனியே விடவும் கூடாது. டெலி மானஸ் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். எண்ணைச் சொல்லிவிட்டுப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள்.

ஈசிஆர்_கவுன்சலிங்

இதை முழுமையாக வழிமொழிகிறேன். அதனால்தான் 25 பேருக்கு மேல் வேண்டாம் என்றேன். அறுபது தாளில் அந்த ஒரு வரி கண்ணில் படாமல் போய்விடும்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஆடிட்டோரியம் வேண்டாம், மூன்று வகுப்பறை, மூன்று டியூட்டர் என்று கேட்டு எழுதுகிறேன். ஆரம்பத்தில் அந்த மூன்று எண் கேள்வி, பெயரில்லாமல். பிறகு தாள்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். அரியர் நாலுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும் இதே தாளா?

ஈசிஆர்_கவுன்சலிங்

அவர்களுக்கு முதல் பத்தியே வேண்டாம் சார். என்ன தப்பாகும் என்று அவர்களுக்கு மனப்பாடம். நாலில் பாஸுக்கு மிக அருகில் வந்து நின்ற பேப்பர் எது என்று மார்க்‌ஷீட்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பேப்பரில் கைக்கு எட்டும் ஒரு யூனிட், அதில் பழைய வினாத்தாளில் திரும்பத் திரும்ப வந்த இரண்டு கேள்வி. அவற்றில் ஒன்றை அங்கேயே, உங்கள் முன்னால் 20 நிமிடத்தில் எழுதட்டும். திருத்தி, மார்க் போட்டு, கையில் கொடுத்து அனுப்புங்கள்.